ஜாப் கார்டும் கேட் பாஸும்: எதிர்பாராத சர்வீஸ் பில்லை எதிர்த்துக் கேட்பது பற்றி

டீலர்ஷிப் சர்வீஸ் சென்டரில் விடப்பட்ட காருக்கு, நினைத்திருந்த தொகையைப் போல இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ பில் வரும்போது, உரிமையாளர் எழுப்பும் முதல் கேள்வி பெரும்பாலும் "ஏன் இவ்வளவு?" என்பதாகவே இருக்கிறது, அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பெரிய வலு இல்லை என்பது கேஷ் கவுன்டரில் அரைமணி நேரம் வாதாடிய பிறகே பலருக்குப் புரிகிறது. இந்தியாவில் கார் பழுதுபார்ப்புக் கூலிக்கு அரசு நிர்ணயித்த உச்சவரம்பு ஏதும் இல்லாததால், தொகை மிகுதி என்பது மட்டுமே சேவைக் குறைபாடாகிவிடாது. வலுவுள்ள கேள்விகள் வேறு: அந்த வேலையைச் செய்யச் சொன்னவர் யார், அப்போது சொல்லப்பட்ட தொகை எவ்வளவு, பில்லில் உள்ள வேலை உண்மையில் நடந்ததா, ஒரே வேலைக்கு இருமுறை கூலி போடப்பட்டிருக்கிறதா. விலையைப் பற்றிய சண்டையைச் சம்மதத்தைப் பற்றிய சண்டையாக மாற்றத் தெரிந்தவருக்கே பில் குறைகிறது.

இந்தச் சண்டையின் எதிர்த்தரப்பு யார் என்பதிலும் ஒரு தெளிவு தேவை. கட்டடத்தின் முகப்பில் கார் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தாலும், டீலர்ஷிப் என்பது கம்பெனியின் கிளை அன்று. கம்பெனியிடமிருந்து காரையும் உதிரி பாகங்களையும் வாங்கி விற்கும், சர்வீஸ் செய்ய அங்கீகாரம் பெற்ற தனி நிறுவனம். சர்வீஸ் செய்வதும் கூலி வாங்குவதும் பில் போடுவதும் அந்த நிறுவனமே. எனவே பில்லின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் ஜிஎஸ்டி எண்ணுக்கு உரியவரே எதிர்த்தரப்பு. கம்பெனி அவருக்கு மேலிருந்து நெருக்கடி கொடுக்கக்கூடிய ஒருவர், அவ்வளவே.

சண்டையின் முடிவு பெரும்பாலும் கார் உள்ளே போகும் காலையிலேயே, ஜாப் கார்டு எனப்படும் தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது, உடம்பில் எங்கெங்கே கீறல் இருக்கிறது, உரிமையாளர் சொன்ன குறை என்ன, செய்யவேண்டிய வேலை எது, உத்தேசத் தொகை எவ்வளவு, எப்போது டெலிவரி என்பவற்றைச் சர்வீஸ் அட்வைசர் பதிந்து கையெழுத்து வாங்கும் ஆவணம் அது. சட்டத்தின் பார்வையில் அதுவே ஒப்பந்தம். "முன்பக்கம் சத்தம்" என்று உரிமையாளர் சொன்னதை "சஸ்பென்ஷன் ஓவர்ஹால்" என்று அட்வைசர் எழுதிவிட்டால், நோயைச் சொன்னவர் சிகிச்சைக்கே கையெழுத்துப் போட்டவர் ஆகிவிடுகிறார். குறையைச் சொன்ன சொற்களிலேயே எழுதச் சொல்வதும், "பார்த்துவிட்டுச் சொல்லவும், சொல்லாமல் எதையும் மாற்ற வேண்டாம்" என்னும் ஒரு வரியைக் கையால் சேர்க்கச் சொல்வதும் அற்பக் காரியங்களாகத் தோன்றலாம். பின்னாளில் எந்த வழக்கறிஞரின் நோட்டீசையும்விட அதிகம் பேசுவது அந்த வரிதான். உத்தேசத் தொகைக்கான கட்டம் காலியாக இருக்கும் ஜாப் கார்டில் கையெழுத்திடுவது, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திடுவதற்கு ஒப்பானது. இப்போது பல இடங்களில் தாள் போய் டேப்லெட்டும், கையெழுத்துக்குப் பதில் செல்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணும் வந்துவிட்டன. அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் கையெழுத்திட்டதாகவே பொருள்படும் என்பதை அறியாமல், ஏதோ பதிவுக்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்துச் சொல்லிவிடுகிறவர்களே மிகுதி.

அடுத்து, மதியத்துக்கு மேல் வரும் போன். வண்டி லிஃப்டில் ஏறிய பிறகு டெக்னீஷியன் கண்டுபிடிக்கும் குறைகள் உண்மையானவையாகவே இருக்கக்கூடும். தேய்ந்த பிரேக் பேடையோ கிழிந்த ஆக்ஸில் பூட்டையோ கீழே போய்ப் பார்க்காமல் சொல்ல முடியாது என்பதால், முதலில் சொன்ன தொகை ஏறுவதிலேயே மோசடி இருப்பதாகக் கருதுவது நியாயமன்று. ஆனால் அந்தப் போனிலேயே தேவையானதும் தேவையற்றதும் ஒரே மூச்சில் கலந்து சொல்லப்படுகின்றன. இன்ஜின் டிகார்பனைசிங், ஏசி கிருமிநீக்கம், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங், எலி விரட்டும் ஸ்ப்ரே போன்றவை அட்வைசர்களுக்கு மாத இலக்கு வைத்து விற்கச் சொல்லப்படும் சரக்குகள் என்பது அந்தத் தொழிலில் உள்ள எவரும் அறிந்ததே. இவற்றில் பல, காருடன் வரும் ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் இடம்பெறாதவை. இத்தனை கிலோமீட்டருக்கு இன்ன வேலை என்று கம்பெனியே அச்சிட்டுக் கொடுத்த அந்தப் பக்கம், டீலரின் பரிந்துரைக்கு எதிராக வைக்கத்தக்க, டீலராலும் மறுக்க இயலாத சான்று. போனில் "சரி, பண்ணுங்க" என்று சொல்லிவிட்டால் அதுவும் சம்மதமே; ஆகவே "வாட்ஸாப்பில் ஐட்டம் வாரியா அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்பதே பொருத்தமான பதில்.

பில் கைக்கு வந்த பிறகு அதை வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பொதுவாக அதில் உதிரி பாகங்கள், கூலி என்று இரு பகுதிகள் இருக்கும். உதிரி பாகங்களின் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் பாக எண், எண்ணிக்கை, வரிக்கு முந்தைய விலை, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பத்திகள் ஓடுகின்றன. பொட்டலத்தில் வரும் பாகத்துக்கு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த எம்ஆர்பி எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்பதால், வரிக்கு முந்தைய விலையும் வரியும் சேர்ந்த தொகை அதைத் தாண்டக்கூடாது. தாண்டியிருந்தால் அது பேரம் பேசும் விஷயமன்று, விதிமீறல். 2025 செப்டம்பர் 22க்கு முன்பு பெரும்பாலான கார் பாகங்களுக்கு 28 விழுக்காடு, கூலிக்கு 18 விழுக்காடு என்று இரு விகிதங்கள் இருந்தன. அன்று முதல் பாகங்களுக்கும் 18 விழுக்காடே என்பதால், இன்றைய பில்லில் 28 என்ற எண் தென்பட்டால் உடனே கேட்கலாம். பீப்பாயிலிருந்து ஊற்றப்படும் இன்ஜின் ஆயிலுக்குப் பொட்டலம் கிடையாது. மேனுவலில் குறிக்கப்பட்டுள்ள கொள்ளளவோடு பில்லில் உள்ள லிட்டரை ஒப்பிடுவதே அங்கே வழி.

கூலிப் பகுதியில்தான் கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகுதி ஒளிந்திருக்கிறது. டீலர்ஷிப்பில் கூலி, டெக்னீஷியன் உண்மையில் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதைக் கொண்டு கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி முன்கூட்டியே வகுத்துக் கொடுத்திருக்கும் நிலையான நேரத்தை, அந்தக் கடையின் மணிக்கூலியால் பெருக்கிப் பில் போடுகிறார்கள். இந்த முறை தன்னளவில் குற்றமுடையதன்று. மந்தமான டெக்னீஷியன் இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் அதற்கு வாடிக்கையாளர் காசு கொடுக்க வேண்டியதில்லை என்னும் பாதுகாப்பும் அதில் இருக்கிறது. சிக்கல், இரண்டு வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது எழுகிறது. முன்சக்கர இயக்கக் கார் ஒன்றில் கிளட்ச் மாற்றுவதை எடுத்துக்கொள்ளலாம். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் ஆகியவை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருப்பதால், டிரைவ் ஷாஃப்டுகளைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, கியர்பாக்ஸைக் கீழே இறக்கினால்தான் கை அங்கே போகும். கூலியின் பெரும்பகுதி இந்த இறக்கி ஏற்றும் வேலைக்கானதே. இறக்கிய நிலையில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிவது தெரிந்து, அதையும் மாற்றச் சம்மதம் வாங்கி மாற்றுகிறார்கள். அதுவரை நல்ல வேலைதான். ஆனால் அட்டவணையில் அந்த ஆயில் சீலுக்கென்று தனியாக வகுக்கப்பட்ட நேரத்திலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது அடங்கியிருக்கிறது. இரண்டு வேலைக்கும் முழு நேரத்தைப் போட்டுவிட்டால், ஒருமுறை இறங்கிய கியர்பாக்ஸ் பில்லில் இரண்டுமுறை இறங்குகிறது. "கூலி ரொம்ப ஜாஸ்தி" என்று சொன்னால் புன்னகைக்கும் சர்வீஸ் மேனேஜர், "இந்த இரண்டு வரியிலும் கியர்பாக்ஸ் இறக்கும் நேரம் இருக்கிறதா, கம்பெனியின் லேபர் ஷெட்யூலைக் காட்டுங்கள்" என்று கேட்டால் கம்ப்யூட்டரைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குகிறார்.

கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒற்றைச் சொல்லில் சேர்க்கப்படும் தொகை, கிரீஸ், துடைக்கும் துணி, கிளீனர் ஸ்ப்ரே முதலானவற்றுக்கு உரியது. சில நூறு ரூபாய்க்காகச் சண்டையிடுவது நேரவிரயம், ஆயிரத்தைத் தாண்டினால் விவரம் கேட்பதில் தவறில்லை. மாற்றப்பட்ட பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் அப்படியே. வாரன்டியில் மாற்றியவை கம்பெனிக்கும், இன்சூரன்ஸ் கிளைமில் மாற்றியவை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் போகும். காசு கொடுத்து மாற்றியவை உரிமையாளருடையவை. அவற்றைக் காட்டவே தயங்கும் கடையின் பில்லைச் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை.

பாகங்களின் விலையே ஏன் இப்படி என்ற கேள்விக்கு இந்தியப் போட்டி ஆணையத்தின் ஆவணங்களில் விடை இருக்கிறது. தனிநபர் ஒருவர் 2011இல் தொடுத்த முறையீட்டிலிருந்து வளர்ந்த விசாரணையில், 14 கார் கம்பெனிகள் தங்கள் அசல் உதிரி பாகங்களும் பழுது கண்டறியும் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி தடுத்து, உரிமையாளர்களை டீலர்ஷிப்பை விட்டு நகர முடியாமல் செய்கின்றன என்று முடிவு கண்ட ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதித்தது. சில பாகங்கள் கொள்முதல் விலைக்கு மேல் 100 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 5,000 விழுக்காடு வரை ஏற்றி விற்கப்பட்டன என்பதும் அந்த உத்தரவில் பதிவானது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2016இல், தன்முன் வந்த மூன்று கம்பெனிகளைப் பொறுத்தவரை குற்ற முடிவை உறுதிசெய்துவிட்டு, அபராதத்தை மொத்த விற்றுமுதலின்மேல் கணக்கிடாமல் உதிரி பாக வணிகத்தின்மேல் கணக்கிடுமாறு குறைத்தது. இந்த வழக்கு எந்தத் தனிப்பட்ட பில்லையும் குறைத்துவிடாது. எனினும் "வெளியில் கை வைத்தாலே வாரன்டி போய்விடும்" என்று கவுன்டரில் சொல்லப்படும் பொதுவான மிரட்டலை அப்படியே ஏற்கத் தேவையில்லை என்பதற்கு அது ஆதாரமாக நிற்கிறது.

சம்மதம் இல்லாமல் செய்த வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பது சட்டநோக்கில் சுவையான கேள்வி. டீலரின் வாதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வேலை நடந்துவிட்டது, புதுப் பாகம் வண்டியில் இருக்கிறது, அதன் பயன் உரிமையாளருக்குத்தான். இதற்கு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு முதற்பார்வையில் இடம் கொடுக்கிறது. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டப்படி மற்றொருவருக்காக ஒன்றைச் செய்து, அதன் பயனை அவர் நுகர்ந்தால், ஈடு கொடுக்கவோ பொருளைத் திருப்பித் தரவோ அவர் கடமைப்பட்டவர் என்கிறது அந்தப் பிரிவு. ஆனால் மேற்கு வங்க அரசுக்கும் பி.கே. மண்டல் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது: செய்யப்பட்டதை ஏற்கவோ மறுக்கவோ மற்றவருக்கு வாய்ப்பு இருந்து, அவர் விரும்பி ஏற்றிருந்தால்தான் இந்தக் கடமை பிறக்கும். கழற்றிவிட முடியாதபடி பொருத்திவிட்டுப் பில்லோடு வந்து நிற்பவர், மறுக்கும் வாய்ப்பையே பறித்துவிட்டவர். எனவே சம்மதமின்றிச் செய்த வேலையை எதிர்ப்பவர், "எனக்கு அது வேண்டாம், பழைய பாகம் இருந்தால் திருப்பிப் போடுங்கள்" என்று அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுவது முக்கியம். காரை எடுத்துக்கொண்டு போய் மூன்று மாதம் ஓட்டிவிட்டுச் சொன்னால் அந்த வாதம் நீர்த்துப்போகும்.

உரிமையாளர் மிகவும் பலவீனமாக நிற்கும் இடம் கேட் பாஸ். முழுத் தொகையும் செலுத்தினால்தான் கேட் பாஸ் அச்சாகும், அது இல்லாமல் செக்யூரிட்டி வண்டியை வெளியே விடமாட்டார். இந்தப் பிடிக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் பிடிமானம் அல்லது பற்றுரிமை: ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளின்மேல் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், அந்தச் சேவைக்கு உரிய ஊதியம் கிடைக்கும்வரை பொருளைத் தன்வசம் வைத்துக்கொள்ளலாம். ஆக, வண்டியைத் தர மறுப்பதனாலேயே டீலர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். போலீசில் புகார் கொடுப்பேன் என்று குரலை உயர்த்துவதால் பயன் குறைவு. ஆனால் அந்த உரிமை, ஒப்படைத்த நோக்கத்துக்கு ஏற்பச் செய்த வேலைக்கான ஊதியத்துக்கு மட்டுமே உரியது. சம்மதிக்காத வேலைக்கும் பழைய பாக்கிக்கும் அதை நீட்ட முடியாது. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் பார்க்கிங் கட்டணம் ஏறும் என்னும் மிரட்டலுக்கும் பழைய விடை ஒன்று உண்டு: பழுதுபார்த்த கப்பலைக் கூலிக்காகப் பிடித்து வைத்திருந்த நிறுவனம் அந்த நாட்களுக்குத் துறை வாடகையும் கேட்ட வழக்கில், தன் நலனுக்காகப் பிடித்து வைப்பவர் அதற்கான செலவை மற்றவர் தலையில் கட்ட முடியாது என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1860இல் தீர்ப்பளித்தது. நடைமுறையில், மறுநாள் வேலைக்குப் போக வண்டி வேண்டியவருக்கு இத்தனை நுணுக்கமும் உதவாது. அவர் செய்யத்தக்கது, முழுத் தொகையையும் கட்டிவிட்டு, "இன்னின்ன வரிகளுக்குச் சம்மதம் தரப்படவில்லை, வண்டியை மீட்பதற்காக ஆட்சேபத்துடன் செலுத்தப்படுகிறது" என்று பில்லின் இரு படிகளிலும் எழுதிக் கையெழுத்திடுவதும், அதையே அந்த இடத்திலிருந்தே மின்னஞ்சலில் அனுப்புவதும் ஆகும். உரிமையின்றிப் பொருளைத் தடுத்து வைப்பது வற்புறுத்தலில் அடங்கும் என்று 15ஆம் பிரிவும், வற்புறுத்தலால் பெற்ற பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று 72ஆம் பிரிவும் சொல்வதால், ஆட்சேபத்துடன் கட்டிய பணம் கைவிட்ட பணம் ஆகாது. ஒன்றும் எழுதாமல் கட்டி, கருத்துப் படிவத்தில் பத்துக்குப் பத்து மதிப்பெண்ணும் போட்டுவிட்டு வருபவரின் நிலை வேறு.

பேச்சுவார்த்தை யாரிடம் என்பதும் கவனிக்கத்தக்கது. சர்வீஸ் அட்வைசருக்குச் சிறு தள்ளுபடிக்கு மேல் அதிகாரம் இருப்பதில்லை. "சார், டெக்னீஷியன் சொல்லித்தான் மாத்தினோம், சிஸ்டத்துல என்டர் ஆயிடுச்சு" என்பதற்கு மேல் அவரால் சொல்லவும் முடியாது, அவரைத் திட்டுவதில் பொருளும் இல்லை. சர்வீஸ் மேனேஜர் கூலியைக் குறைக்கலாம். பாகங்களின் விலையில் அவருக்கும் இடம் குறுகியது. ஆகவே வாய்மொழியாகக் கிடைக்கும் சலுகை பெரும்பாலும் கூலியிலிருந்தே வருகிறது, "டென் பர்சென்ட் போட்டுத் தர்றேன் சார்" என்ற வடிவில். கேள்வி எழுப்பப்பட்ட வரி சம்மதமே இல்லாத வேலையானால், இந்தத் தள்ளுபடியை ஏற்பது அந்த வேலையை ஏற்பதாகிவிடும் என்பதை மறந்துவிடக்கூடாது. தள்ளுபடி வேறு, வரியை நீக்குவது வேறு. அங்கே தீராதபோது டீலர்ஷிப்பின் முதலாளிக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில், ஜாப் கார்டின் படத்தோடும் பில்லின் படத்தோடும், எந்த வரி, எவ்வளவு ரூபாய், என்ன காரணம் என்று எழுதுவது பலன் தருகிறது. வாரன்டி முடிந்து சில வாரங்களிலேயே பெரிய பாகம் ஒன்று போய்விட்டதென்றால், சர்வீஸ் வரலாறு ஒழுங்காக இருக்கும் பட்சத்தில், கம்பெனி தன் நல்லெண்ணத்தின் பேரில் செலவில் ஒரு பங்கை ஏற்பதும் உண்டு. கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை.

விபத்திலோ வெள்ளத்திலோ சேதமான காரின் பில்லில் இன்சூரன்ஸ் நிறுவனம் மூன்றாம் தரப்பாக நுழைவதால் கணக்கு இன்னும் கலங்குகிறது. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்கும் ரப்பர் பாகங்களுக்கும் சாதாரணப் பாலிசியில் 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும், கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை, உலோகப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து விகிதம் ஏறும். "எல்லாம் இன்சூரன்ஸில் வந்துவிடும்" என்ற அட்வைசரின் வாய்ச்சொல்லுக்கும் டெலிவரி நாளில் கேட்கப்படும் தொகைக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது. பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த காரின் மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்படுவது வழக்கம். 2022 செப்டம்பரில் பெங்களூரு வெள்ளத்தில் மூழ்கிய சிறிய கார் ஒன்றுக்கு, அதன் விலை ஏறத்தாழ 11 லட்சமாக இருக்க, டீலர்ஷிப் கொடுத்த எஸ்டிமேட் 22 லட்சம். முழு இழப்பாகத் தீர்க்க முற்பட்டபோது, எஸ்டிமேட்டும் ஆவணமும் தயாரித்ததற்கென்று ரூ. 44,840 கேட்கப்பட்டது. உரிமையாளர் பொதுவெளியில் எழுதி, கம்பெனியும் தலையிட்ட பிறகு அது ரூ. 5,000 ஆகச் சுருங்கியது. ஒரு திருகாணியும் திருப்பப்படாத காருக்குக்கூடப் பில் வரலாம் என்பதால், எஸ்டிமேட் போடுவதற்கே கட்டணம் உண்டா என்பதை வண்டியை டோ செய்து அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டியிருக்கிறது.

இவை எதுவும் பலிக்காதபோது நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியப்படும் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, பல சிறு தகராறுகள் அங்கேயே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் அந்த எண்ணுக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது. தீர்ப்பு வேண்டுமானால், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையீடு செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, டீலர்ஷிப் எந்த ஊரில் இருந்தாலும் நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். எதிர்த்தரப்பு 30 நாட்களில், மிஞ்சினால் மேலும் 15 நாட்களில் பதில் அளித்தாக வேண்டும். அதற்கு மேல் ஒரு நாளும் நீட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் உறுதிப்படுத்தியது. சட்டம் சொல்லும் மூன்று மாதத்தில் வழக்கு முடியும் என்று நம்பிவிட வேண்டாம். ஆணையங்களில் வாய்தா உண்டு. டாக்சியாகத் தானே ஓட்டிப் பிழைப்பவர் வணிக நோக்கம் என்று சொல்லித் தள்ளப்படமாட்டார், சுயதொழிலுக்காக வாங்கியவரும் நுகர்வோரே. கம்பெனியின் பெயரில் பல வண்டிகள் ஓட்டுபவருக்கு அந்தக் கதவு திறப்பது கடினம். டீலரோடு கார் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும், டீலரின் தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாதவரை கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று டாடா மோட்டார்ஸ் தொடர்பான 2021ஆம் ஆண்டின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், முறையீட்டின் எடை டீலரின்மேல் இருப்பதே நல்லது. தோற்ற தரப்பு மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பதால், சிறு தொகைத் தீர்ப்புகளைப் பல நிறுவனங்கள் மேலே இழுக்காமல் கட்டிவிடுவதையே லாபமாகக் கருத இடமிருக்கிறது.

இத்தனை பிரிவுகளையும் தீர்ப்புகளையும் ஒரு கார் உரிமையாளர் தேடி எடுக்க நேர்வதற்குக் காரணம், பழுதுபார்ப்புக் கடைகளின் எஸ்டிமேட்டை ஒழுங்குபடுத்தும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லாததே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களின் தொடக்கத்திலேயே இதற்கெனத் தனிச்சட்டமும் தனிப் பணியகமும் ஏற்பட்டன. அங்கே எழுத்து மூலமான எஸ்டிமேட் தராமல் வேலை தொடங்கக்கூடாது, வாடிக்கையாளரின் சம்மதமின்றி எஸ்டிமேட்டைத் தாண்டி ஒரு டாலரும் வாங்கக்கூடாது, கேட்டால் பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்தியாவில் 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்கெனக் குழு அமைத்து, அந்த ஆண்டின் டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனங்களும் ஒன்று. உதிரி பாகங்களும் கையேடுகளும் எங்கும் கிடைக்கச் செய்வதோடு அந்த முயற்சி நின்றுவிடாமல், எஸ்டிமேட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் எழுத்து மூலமான சம்மதத்தைக் கட்டாயமாக்கும் ஒரு விதியையும் அத்துறை கொண்டுவர வேண்டும்.